சைக்கிள் வரி குறைந்தது: வேலைக்குப் போகிறவருக்கு மிச்சம் எவ்வளவு?

சைக்கிள் மீதான ஜி.எஸ்.டி. வரி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டு, 2025 செப்டம்பர் 22ந் தேதி அமலுக்கு வந்தது. உதிரி பாகங்களுக்கும் அதே சலுகை கிடைத்தது. ஏழையின் வாகனத்துக்கு விமோசனம் என்று இது வரவேற்கப்பட்டது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பெங்களூரில் பீன்யாவுக்கும் பொம்மசந்திராவுக்கும் தினசரி வேலைக்குப் போய் வரும் தமிழ்த் தொழிலாளியின் பையில், சிவாஜிநகரில் கணக்கு எழுதும் குமாஸ்தாவின் பையில், இதனால் எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

வரி சேராமல் 6,000 ரூபாய் விலையுள்ள ஒரு சைக்கிளை எடுத்துக்கொள்ளலாம். பழைய வரியோடு அதன் விலை ரூ.6,720. புதிய வரியோடு ரூ.6,300. மிச்சம் 420 ரூபாய். சைக்கிளில் அடிக்கடி தேய்ந்து போகும் பொருள் டயரும் டியூபும்தான். அவை முன்பிருந்தே 5 சதவிகித வரியில் இருந்தவை. ஆகவே அந்தச் செலவில் புதிதாகக் குறைய ஒன்றும் இல்லை.

அதே தேதியில் இன்னொரு குறைப்பும் வந்தது. 350 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர்களின் வரி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாக இறங்கியது. வரி சேராமல் 75,000 ரூபாய் விலையுள்ள ஒரு ஸ்கூட்டருக்கு இதனால் 7,500 ரூபாய் மிச்சம். சைக்கிள் கடைக்காரர் 420 ரூபாய் குறைந்தது என்று போர்டு எழுதி வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. ஸ்கூட்டர் கடைக்காரர் 7,500 ரூபாய் என்று எழுதி, பக்கத்திலேயே "சுலபத் தவணை" என்றும் எழுதி வைத்தால் கூட்டம் நிற்கும். சர்க்கார் இரண்டு வண்டிகளுக்கும் சலுகை கொடுத்திருந்தாலும், எந்தப் பக்கம் ஆளை இழுக்கிறது என்பது வெளிப்படை.

சுலபத் தவணை எவ்வளவு சுலபம் என்றும் பார்க்கலாம். அந்த ஸ்கூட்டர் வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து ரோட்டுக்கு வரும்போது ஒரு லட்சத்தை எட்டிவிடும். 80,000 ரூபாய் கடன் வாங்கி மூன்று வருஷத்தில் கட்டுவதானால் மாதம் சுமார் 2,800 ரூபாய் தவணை. வீட்டிலிருந்து வேலைக்கு ஏழு கி.மீ. தூரம் என்று வைத்துக்கொண்டால், மாதம் 26 நாளைக்கு 364 கி.மீ. ஓட்டம். எட்டு லிட்டர் பெட்ரோலாவது வேண்டும். பெங்களூரில் 2025ல் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்றது. எல்லாம் சேர்ந்து மாதம் 3,600 ரூபாய். மாதம் 18,000 ரூபாய் சம்பளம் வாங்குபவருக்கு இது சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஊருக்குப் பணம் அனுப்புகிற தேதியும் தவணைத் தேதியும் ஒரே வாரத்தில் வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பஸ், மெட்ரோ கணக்கு

பஸ்ஸிலேயே போய்விடலாம் என்றால் அதுவும் முன்போல் இல்லை. 2025 ஜனவரி 5ந் தேதி கர்நாடக சர்க்கார் பஸ் கட்டணத்தை 15 சதவிகிதம் உயர்த்தியது. பெங்களூர் நகர பஸ்ஸின் சாதாரண மாத பாஸ் ரூ.1,050லிருந்து ரூ.1,200 ஆயிற்று. தினசரி பாஸ் 70 ரூபாய் 80 ரூபாயானது. அடுத்த மாதமே, பிப்ரவரி 9ந் தேதி, மெட்ரோ ரயில் கட்டணமும் ஏறியது. அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாய்க்குப் போயிற்று.

பெண்களுக்கு 2023 ஜூன் 11ந் தேதி முதல் சாதாரண அரசு பஸ்களில் இலவசப் பயணம் தரப்பட்டது. கார்மென்ட்ஸ் கம்பெனிகளுக்குப் போகும் பெண்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் இந்தச் சலுகை கர்நாடகத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும். ஆதாரில் கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை விலாசத்தை மாற்றாமலே வைத்திருக்கும் குடும்பங்கள் பல உண்டு. கண்டக்டர் கேட்கும்போது அந்த விலாசம் உதவாது. இது சைக்கிளோடு சேராத விஷயம்தான். ஆனாலும் குடும்பத்தின் போக்குவரத்துச் செலவைப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

மாத பாஸுக்கு வருஷத்துக்கு 14,400 ரூபாய் ஆகிறது. அதற்குப் பதிலாக 6,300 ரூபாய்க்கு ஒரு சைக்கிள், பூட்டு, விளக்கு, பெல் என்று இன்னொரு 500 ரூபாய், மாதம் 200 ரூபாய் ரிப்பேர் செலவு என்று வைத்துக்கொண்டால், ஏழு மாதத்தில் போட்ட முதல் திரும்பி வந்துவிடும். அதற்குப் பிறகு ஓடுவதெல்லாம் லாபம். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மாதம் 200 ரூபாய் என்ற வரி அப்படியே நிற்க வேண்டும். அது 600 ஆகிவிட்டால் கணக்கு தலைகீழாகும். 420 ரூபாய் வரிச் சலுகை ஒரே மாதத்தில் கரைந்து போகும். எந்த சைக்கிளை வாங்குவது என்ற கேள்வி இங்கேதான் முக்கியமாகிறது.

கடையில் மினுக்கும் வண்டி

இன்று சைக்கிள் கடைக்குள் நுழைகிறவரின் கண்ணில் முதலில் படுவது தடித்த டயர், முன்பக்கம் ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக், 21 கியர், கண்ணைப் பறிக்கும் பச்சை, ஆரஞ்சு வர்ணம். மலைப் பாதையில் ஓடும் பந்தய சைக்கிளின் சாயலில் செய்யப்பட்டவை இவை. கியர் வைத்தது பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் என்று போகும். கியர் இல்லாமல் ஷாக் அப்சார்பர் மட்டும் வைத்தது எட்டாயிரம், ஒன்பதாயிரத்துக்கும் கிடைக்கும். கறுப்பு வர்ணத்தில் மூலையில் நிற்கும் ஸ்டாண்டர்டு சைக்கிளின் விலை ஐயாயிரத்திலிருந்து ஏழாயிரத்துக்குள். விலையில் இரண்டாயிரம்தானே வித்தியாசம், பார்வையாகவும் இருக்கிறதே என்று பலர் முதல் ரகத்தை எடுத்துவிடுகிறார்கள்.

ஷாக் அப்சார்பர் நல்ல தரத்தில் இருந்தால் நல்லதுதான். எட்டாயிரம் ரூபாய் வண்டியில் வருவது அந்தத் தரம் அல்ல. அது வண்டியின் கனத்தை ஏற்றுகிறது. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது அந்த மிதியில் ஒரு பங்கை ஸ்பிரிங் விழுங்கிவிடுகிறது. இரண்டு மழைக்காலம் போனால் துருப்பிடித்து அசையாமல் நின்றுவிடும். டிஸ்க் பிரேக்கும் அப்படியே. தகடு சற்று வளைந்தால் உரசிக்கொண்டே ஓடும். அதற்கான பேட் எல்லாக் கடையிலும் கிடைக்காது. கியர் விஷயம் இன்னும் சிக்கலானது. மூன்றும் ஏழும் சேர்ந்து 21 கியர் என்கிறார்கள். வேலைக்குப் போகிறவர் அவற்றில் மூன்றையோ நான்கையோ தவிர மற்றவற்றைத் தொடுவதில்லை. ஆனால் அந்த 21க்காகவும் மெல்லிய செயின், மெல்லிய பல்சக்கரங்கள், பின்னால் தொங்கும் கியர் மாற்றி ஆகியவற்றைப் பராமரித்தாக வேண்டும். தெருமுனை பஞ்சர் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "பெரிய கடைக்குக் கொண்டு போங்க" என்று சொல்வார். பெரிய கடையில் ஒரு நாள் வண்டியை விட்டுவிட்டு வர வேண்டும். ஒரு நாள் பஸ் செலவு. தாமதமாகப் போனால் அரை நாள் சம்பளமும் போகும்.

மட்கார்டு, கேரியர், செயின் கவர், ஸ்டாண்டு இவை ஸ்டாண்டர்டு சைக்கிளில் கூடவே வரும். பகட்டு வண்டியில் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். சாப்பாட்டு டப்பாவை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு, பின் சக்கரத்துச் சேறு சட்டையில் கோடு போட, ஆபீஸில் போய் உட்கார வேண்டிய குமாஸ்தாவுக்கு இந்த வித்தியாசம் முதல் மழையிலேயே தெரிந்துவிடும்.

கறுப்பு சைக்கிளின் பலம்

ஸ்டாண்டர்டு சைக்கிளின் பலம் அதன் உதிரி பாகங்கள். 28 அங்குலம், ஒன்றரை அங்குல டயர் என்று கேட்டால் எந்த ஊரிலும் கிடைக்கும். செயின், ஃப்ரீவீல், பெடல், ஹப், ஸ்போக்ஸ் கம்பி எல்லாம் ஒரு கம்பெனி வண்டியினுடையது இன்னொரு கம்பெனி வண்டிக்குப் பொருந்தும். இவற்றில் பெரும் பங்கு லூதியானாவிலிருந்து வருகிறது. இதன் மதிப்பு 2020ல் நன்றாகப் புலப்பட்டது. 1951ல் தொடங்கி நாடெங்கும் பேர் பெற்றிருந்த அட்லஸ் கம்பெனி, டெல்லிக்கு அருகே சாஹிபாபாத்தில் இருந்த தன் ஆலையை 2020 ஜூன் 3ந் தேதி நிறுத்தியது. அன்று உலக சைக்கிள் தினம் என்பது வேதனையான ஒற்றுமை. கம்பெனி நின்றதே தவிர, அட்லஸ் சைக்கிள் வைத்திருந்தவர்களின் வண்டி நிற்கவில்லை. வேறு கம்பெனி செயினைப் போட்டுக்கொண்டு அவை ஓடின. பெரிய கம்பெனியின் நவீன மாடல் ஒன்று விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டால், அதை வாங்கியவருக்கு இந்த நிம்மதி கிடையாது.

ஹீரோவா, ஹெர்குலிஸா, ஏவனா என்று சிலர் வாதம் செய்வதுண்டு. 1949ல் அம்பத்தூரில் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரிப்பு என்பதால் ஹெர்குலிஸ் மீது தமிழர்களுக்கு ஒரு வாத்ஸல்யம் உண்டு, தவறில்லை. ஸ்டாண்டர்டு ரகத்தில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் குறைவு. கம்பெனிப் பெயரைவிட, கடைக்காரர் வண்டியை எப்படிப் பூட்டிக் கொடுக்கிறார் என்பதே முக்கியம். சைக்கிள் பெட்டியில் பாகங்களாக வந்து கடையில்தான் முழு வண்டியாகிறது. ஹப்பிலும் ஃபோர்க் கிண்ணத்திலும் கிரீஸ் வைக்காமல் அவசரத்தில் முறுக்கிக் கொடுத்தால், மூன்று மாதத்தில் பால்ஸ் தேய்ந்து சக்கரம் ஆடத் தொடங்கும். வாங்கும்போது இரண்டு சக்கரங்களையும் தூக்கிச் சுற்றிவிட்டு, ரிம் ஒரு பக்கம் ஒதுங்கி ஓடுகிறதா என்று பார்ப்பது நல்லது. பெண்டு இருந்தால் அங்கேயே எடுத்துத் தரச் சொல்லலாம்.

இந்தச் சைக்கிளுக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. இருபது கிலோவுக்குக் குறையாத கனம். ஒரே கியர். பெங்களூரோ கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,000 அடி உயரத்தில், மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் ஊர். மதுரையில், தஞ்சாவூரில் சமதரையில் ஓட்டிப் பழகியவர் இங்கே முதல் வாரத்தில் மூச்சு வாங்கத்தான் செய்வார். இதற்கு 21 கியர் வண்டி தேவையில்லை. ஸ்டாண்டர்டு சைக்கிளின் பின் சக்கரத்தில் சாதாரணமாக 18 பல் ஃப்ரீவீல் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு 20 அல்லது 22 பல் ஃப்ரீவீல் போட்டால், மேட்டில் மிதிப்பது கணிசமாக எளிதாகும். செயினில் ஓரிரு கண்ணி கூட்ட வேண்டியிருக்கும். சமதரையில் வேகம் கொஞ்சம் குறையும். நகர நெரிசலில் அது ஒரு நஷ்டமே அல்ல. சில நூறு ரூபாயில், தெருமுனைக் கடையிலேயே, அரை மணி நேரத்தில் முடிகிற வேலை இது. ஏனோ கடைக்காரர்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை.

இன்னொரு குறை பிரேக். பழைய ராடு பிரேக் மழையில் உடனே பிடிக்காது. இரும்பு ரிம் நனைந்திருந்தால் ரப்பர் வழுக்கும். நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே லேசாக அழுத்தி ரிம்மின் ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும். கேபிள் பிரேக் வைத்த ரகம் கிடைத்தால் அதை எடுப்பது மேல். கேபிள் அறுந்தால் மாற்றுவது சுலபம்.

ஸீட்டின் உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலைத் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும் என்று ஸீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி ஓட்டுகிறவர்கள் அதிகம். முழங்கால் வலிக்கு இதுவே காரணம். பழி சைக்கிள் மேல் விழுகிறது. பெடல் கீழே வரும்போது கால் ஏறக்குறைய நேராக வேண்டும், அவ்வளவுதான். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பார் இல்லாத லேடீஸ் சைக்கிளை வாங்கினால் ஏற இறங்கச் சிரமமிருக்காது. ஆண்கள் அதை வெட்கம் என்று ஒதுக்குவது அர்த்தமற்றது.

பாட்டரி சைக்கிள் இருபத்தையாயிரத்துக்கு மேல். 250 வாட்டுக்குள், 25 கி.மீ. வேகத்துக்குள் இருந்தால் லைசென்ஸ், பதிவு தேவையில்லை என்பது வசதி. சில வருஷங்களில் பாட்டரி மாற்றும் செலவு வரும் என்பதை விற்கிறவர் கடைசியில்தான் சொல்வார். பத்துப் பன்னிரண்டு கி.மீ. போகிறவர் யோசிக்கலாம், ஐந்தாறு கி.மீ.க்கு அவசியம் இல்லை.

பழைய சைக்கிள் வாங்குவதானால் சிவாஜிநகர், சிட்டி மார்க்கெட் பக்கங்களில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். ஃபிரேமில் வெல்டிங் செய்த தழும்பு இருக்கிறதா, அடியில் பொறித்த நம்பர் அழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம்பர் இல்லாத வண்டி எவ்வளவு மலிவானாலும் போலீஸ் ஸ்டேஷன் வரை இழுத்துப் போகக்கூடியது. அதைவிட நல்ல வழி பலருடைய வீட்டிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் படித்தபோது சர்க்கார் கொடுத்த இலவச சைக்கிள் ஊரில் திண்ணையோரம் துருப்பிடித்துக் கிடக்கிறது. டயர், டியூப், செயின் மாற்றி ஓவர்ஹால் செய்தால் இரண்டாயிரம் ரூபாய்க்குள் அது வேலைக்குப் போக லாயக்காகிவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து அதைப் பஸ் மேல் போட்டுக் கொண்டுவந்து ஓட்டுகிறவர்கள் இல்லாமல் இல்லை.

நேரமும் ரோடும்

சைக்கிளில் போனால் நேரமாகும் என்பது பொதுவான ஆட்சேபம். டாம்டாம் என்ற நிறுவனம் உலக நகரங்களின் நெரிசலை ஆண்டுதோறும் கணக்கிடுகிறது. அதன்படி 2024ல் பெங்களூரின் மையப் பகுதியில் மோட்டார் வண்டி பத்து கி.மீ. கடக்க சராசரியாக 34 நிமிஷம் ஆயிற்று. ஸ்டாண்டர்டு சைக்கிளில் அதே தூரத்துக்கு 45 நிமிஷம். பதினோரு நிமிஷ வித்தியாசம்; பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தைச் சேர்த்தால் அதுவும் இல்லை. ஸ்ரீராமபுரத்திலிருந்து பீன்யாவுக்கு மெட்ரோ இருக்கிறது. ஆனால் ஸ்டேஷனில் இறங்கிய பிறகு தொழிற்பேட்டைக்குள் இரண்டு மூன்று கி.மீ. நடக்கவோ ஆட்டோ பிடிக்கவோ வேண்டியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்த மஞ்சள் தடத்திலும் பலருக்கு இதே நிலைமை. அப்படிப்பட்டவர்கள் இரண்டாயிரம் ரூபாய்க்குப் பழைய சைக்கிள் ஒன்றை ஸ்டேஷன் பக்கம் வைத்துக்கொள்வது லாபகரமான யோசனை.

உண்மையான ஆட்சேபம் நேரம் அல்ல, உயிர். லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகும் ரோட்டில் இருட்டிய பிறகு சைக்கிளில் திரும்ப வேண்டும். செகண்டு ஷிப்டு முடிந்து வருகிறவருக்குப் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். நூறு, இருநூறு ரூபாயில் பாட்டரி விளக்கு கிடைக்கிறது. அதில் மிச்சம் பிடிப்பது விவேகம் இல்லை. முன்காலத்தில் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் டியூப் காற்றைப் பிடுங்கிவிட்டுத் தள்ளிக்கொண்டு போகச் சொல்வார். இப்போது பிடிப்பாரும் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை.

சைக்கிளுக்கு என்று தனிப் பாதை போடும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2012ல் ஜெயநகரில் போட்ட பாதை சீக்கிரமே கார் நிறுத்தும் இடமாயிற்று. 2020ல் வெளிவட்டச் சாலையில் சில்க் போர்டிலிருந்து தடுப்புக் கம்பங்கள் நட்டு ஒரு பாதை ஒதுக்கினார்கள். மெட்ரோ வேலை வந்ததும் அது போயிற்று. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயமும் வீட்டுத் தொழிலும் தவிர்த்த மற்ற வேலைகளுக்குப் போகிறவர்களில் நாடெங்கும் சுமார் 2 கோடியே 60 லட்சம் பேர் சைக்கிளில் போனார்கள். ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளில் போனவர்களைவிட அது சற்று அதிகமான எண்ணிக்கை. இத்தனை பேருக்கு ரோட்டில் மூன்றடி அகலம் ஒதுக்க முடியாத நகரங்கள், மேம்பாலத்துக்கு மேல் மேம்பாலம் கட்டத் தயங்கியதில்லை.

ரோட்டை மாற்றுவது தொழிலாளியின் கையில் இல்லை. அவர் கேட்டுப் பெறக்கூடியது ஒன்று உண்டு: வேலை செய்யும் இடத்தில் சைக்கிள் ஷெட். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். ஆலைகள் வளர்ந்த காலத்தில் சங்கு ஊதியதும் வெளியே வந்தது சைக்கிள் வெள்ளம். அவற்றை நிறுத்தி வைக்க ஆலைக்குள் இடம் இருந்தது. புதிய தொழிற்பேட்டைகளில் மோட்டார் வண்டிகளுக்குக் கோடு போட்டு இடம் விடுகிறார்கள். சைக்கிளுக்குக் கேட்டால் செக்யூரிட்டி கேட்டுக்கு வெளியே கையைக் காட்டுகிறார். வெளியே நிற்கும் சைக்கிளுக்கு நல்ல சங்கிலிப் பூட்டு வேண்டும். பூட்டு இருந்தாலும் வெயிலும் மழையும் டயரைச் சீக்கிரம் வெடிக்க வைக்கும், செயினைத் துருப்பிடிக்க வைக்கும். மாதம் 200 ரூபாய் ரிப்பேர் என்ற கணக்கு உடையும் இடங்களில் இதுவும் ஒன்று. ஒரு தகரக் கூரையும் பூட்டிக் கட்ட ஒரு இரும்புக் குழாயும் கம்பெனிக்குப் பெரிய செலவல்ல. போனஸ், கேன்டீன் பற்றி நிர்வாகத்தோடு பேசும் சங்கங்கள் இதையும் மனுவில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். ஒப்பந்தத் தொழிலாளிகளுக்குச் சங்கம் இல்லாத இடங்களில், பத்துப் பேர் கையெழுத்திட்டு மேற்பார்வையாளரிடம் கொடுப்பதற்கும் தடை ஒன்றும் இல்லை.